புலாவ் உபினில் ஒரு நாள் சைக்கிள் பயணம்: கடல் வற்றும் நேரத்தை வைத்துத் திட்டமிடும் முறை

சிங்கப்பூரின் வடகிழக்கில், சாங்கிக்கு எதிரே ஜொகூர் நீரிணையில் இருக்கும் புலாவ் உபின், ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. படகில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதால், முதன்முறை செல்பவர்கள் பெரும்பாலும் எந்தத் திட்டமும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்புகிறார்கள். நண்பகலில் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, வெயிலில் வியர்த்து, தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா என்ற கடலோர ஈரநிலத்தை அடையும்போது கடல் ஏறி நின்று கரையை முழுவதும் மூடியிருக்கும். பார்க்க வந்தது நீருக்கு அடியில் இருக்க, பலகைப் பாதையில் நின்று நீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இந்த வழிகாட்டி, ஓரளவு சைக்கிள் ஓட்டத் தெரிந்த, உபினுக்குப் புதியவர்களான குடும்பத்தினருக்கும் நண்பர் குழுவினருக்கும் உரியது. ஒவ்வொரு படியும் அடுத்த படியின் நேரத்தைத் தீர்மானிப்பதால், கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு ஓத அட்டவணையைப் பாருங்கள்

செக் ஜாவாவில் மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் பரப்பு, பவளச் சிதைவுத் திட்டு, சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு என ஆறு வகை வாழிடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் கடல் வற்றும்போதுதான் வெளியே தெரியும். நீர்மட்டம் 0.5 மீட்டர் அல்லது அதற்குக் கீழே இறங்கும் நேரமே பார்ப்பதற்கு உகந்தது.

சிங்கப்பூர்க் கடலில் ஒரு நாளில் பொதுவாக இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. அந்த இரண்டு வற்றங்களும் ஒரே அளவாக இருப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமி நாள்களிலும் அவற்றை ஒட்டி வரும் ஓரிரு நாள்களிலும் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். அட்டமியை ஒட்டிய நாள்களில் இரண்டும் குறைந்துவிடும். ஆகவே வீட்டில் தொங்கும் தினசரி நாள்காட்டியைப் பார்த்து அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சனி, ஞாயிறுகளை முதலில் குறித்துக்கொள்ளலாம். அதன்பிறகு அந்த நாள்களுக்குரிய ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரமும் உயரமும் தரும் பட்டியலை, இணையத்தில் எடுத்து, பகல் வேளையில் வரும் வற்றம் எத்தனை மீட்டர் என்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் மூன்று தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன.

நேரத்தை மட்டும் பார்த்து, உயரத்தைப் பார்க்காமல் விடுவது முதல் தவறு. அட்டவணையில் ‘வற்றம் 11:20’ என்றிருக்கும்; அதற்கு நேரே 1.2 மீட்டர் என்றும் இருக்கும். அது பெயரளவுக்குத்தான் வற்றம். கடற்புல்லும் மணல்திட்டும் அப்போது வெளியே வருவதில்லை.

இரண்டாவது, சிங்கப்பூரின் தெற்குத் துறைமுகப் பகுதிக்கான அட்டவணையைப் பார்த்துவிட்டு அதே நேரத்தைச் சாங்கிக்கும் கொள்வது. இடத்துக்கு இடம் நேரம் மாறும் என்பதால், அட்டவணையில் சாங்கிக்கு அருகில் உள்ள நிலையத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, விடியற்காலை வற்றத்தைப் பகல் வற்றம் என்று எண்ணிவிடுவது. செக் ஜாவா காலை 8:30 மணி முதல் மாலை 6:00 மணி வரைதான் திறந்திருக்கும். ஆகவே காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடைப்பட்ட வற்றமே நமக்குப் பயன்படும். வற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால், சனிக்கிழமை சற்று முந்தியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை சரியாக அமையக்கூடும்.

நாள் முடிவானதும், தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் உபின் பகுதிக்கான அறிவிப்புகளைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். கடலோரப் பலகைப் பாதை, காட்சிக் கோபுரம், குன்றுப் பாதை ஆகியவை பராமரிப்புக்காக மூடப்படுவது உண்டு. கடலோரப் பாதை மூடியிருக்கும் நாளில் ஓத அட்டவணையைப் பார்த்து உழைத்ததெல்லாம் வீண்.

2. வற்றும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

வற்றம் 11:00 மணிக்கு, 0.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சற்று முன்பாகவே கடலோரப் பாதையில் நிற்க வேண்டும். நீர் இறங்கிக்கொண்டிருக்கும் கடைசி முக்கால் மணி நேரம்தான் கரையோர உயிர்களிடம் மிகுந்த சுறுசுறுப்பு உள்ள வேளை. ஆகவே செக் ஜாவா நுழைவாயிலை 9:45 மணிக்கு அடைந்தால் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர் குடித்து, நடந்து சேர்வதற்கு அவகாசம் இருக்கும்.

படகுத்துறையிலிருந்து செக் ஜாவா மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பழகியவர் இருபது நிமிடத்தில் ஓட்டிவிடுவார். புதியவர்கள் உள்ள குழு மேடுகளில் இறங்கித் தள்ளும், ஒருவருக்காக மற்றவர் காத்திருக்கும், குரங்கைக் கண்டால் நின்று படமெடுக்கும். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அப்படியானால் படகுத்துறையை ஒட்டிய கிராமத்தைவிட்டு 9:00 மணிக்குப் புறப்பட வேண்டும். சைக்கிள் பொறுக்கி எடுக்க அரை மணி நேரம் என்றால் தீவில் 8:30 மணிக்கு இறங்கியிருக்க வேண்டும். படகுப் பயணத்துக்குக் கால் மணி நேரமும் காத்திருப்புக்கு அரை மணி நேரமும் சேர்த்தால், சாங்கிப் படகு முனையத்தில் 7:45 மணிக்கு இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் குழுவினர் அனைவருக்கும் முந்தைய நாளே எழுதி அனுப்பிவிடுவது நல்லது. ‘காலையில் போகலாம்’ என்று மட்டும் சொன்னால் ஒருவருக்குக் காலை என்பது ஏழு மணி, இன்னொருவருக்குப் பத்தரை.

3. முந்தைய இரவே எடுத்து வைக்க வேண்டியவை

ரொக்கம்: தீவில் பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. சில கடைகள் கைப்பேசி வழியாகப் பணம் பெற்றுக்கொண்டாலும் படகுக்கு ரொக்கம் வைத்திருப்பதே பாதுகாப்பு. பத்து வெள்ளித் தாள்களாகவும் இரண்டு வெள்ளித் தாள்களாகவும் மாற்றி வைத்துக்கொண்டால் படகில் சில்லறைக்காகத் தடுமாற வேண்டியதில்லை.

தண்ணீர்: ஆளுக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர். தீவின் குழாய்களில் வரும் நீர் குடிக்க உகந்ததல்ல. கிராமத்துக் கடைகளில் பானங்களும் இளநீரும் கிடைக்கும். கிராமத்தைத் தாண்டினால் கடையை எதிர்பார்க்காதீர்கள்.

காலணி: கயிறு கட்டும் காலணியோ, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பட்டை வைத்த செருப்போ வேண்டும். சாதாரண ரப்பர்ச் செருப்பு பெடலில் வழுக்கும்; மேட்டில் இறங்கித் தள்ளும்போது சரளையில் கால் சறுக்கும். நீளமான துப்பட்டா, புடவை, வேட்டி ஆகியவை சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் வேறு உடை உடுத்த விரும்பாவிட்டால் அவர்களைச் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். கிராமத்தில் வேன்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன, செக் ஜாவா நுழைவாயில் வரை அவற்றில் வரலாம்.

கொசுவிரட்டி, தொப்பி, மெல்லிய மழைச்சட்டை, சிறிய முதலுதவிப் பை ஆகியவையும் வேண்டும். கொசுவிரட்டியைப் படகில் ஏறும் முன்பே பூசிக்கொள்ளுங்கள். சதுப்புநிலக் காட்டுக்குள் நுழைந்தபின் பையைத் துழாவிக்கொண்டிருந்தால் அதற்குள் கடித்துவிடும்.

எல்லாவற்றையும் வாய் மூடும் முதுகுப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் உணவைச் சைக்கிள் கூடையில் வைப்பது ஏன் கூடாது என்பதை ஏழாம் பகுதியில் காண்க.

கைப்பேசியில் ஒரு சிறு மாற்றமும் தேவை. தீவின் வடகரைக்கு எதிரே மலேசியா மிக அருகில் இருப்பதால் கைப்பேசி அங்குள்ள அலைவரிசையைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டு இணைய இணைப்பை முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள். தீவின் வரைபடத்தையும் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

4. சாங்கி வில்லேஜை அடைந்து படகேறுதல்

2, 29, 59, 109 ஆகிய எண்ணுள்ள பேருந்துகள் சாங்கி வில்லேஜ் பேருந்து முனையம் வரை வருகின்றன. தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வருபவர்களுக்கு 2, தெம்பனிஸிலிருந்து வருபவர்களுக்கு 29 வசதியானவை. படகு முனையம் அங்கிருந்து நடை தூரம்தான். கழிவறைக்குச் செல்வதையும் பசியாறுவதையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்; பேருந்து முனையத்துக்கு அருகிலேயே உணவங்காடி நிலையம் இருக்கிறது. சாப்பிட்ட உடனே மேடேற வேண்டியிருப்பதால் நாசி லெமாக்கை அரை வயிற்றோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இதே முனையத்திலிருந்துதான் மலேசியாவின் பெங்கெராங்குக்கும் படகுகள் செல்கின்றன. அந்த வரிசைக்குக் கடப்பிதழ் வேண்டும். உபினுக்கு வேண்டியதில்லை. கூட்டமாக இருக்கும் நாள்களில் புதியவர்கள் வரிசை மாறி நின்றுவிடுகிறார்கள். சேர்வதற்கு முன் முன்னால் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உபின் படகுகளுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். இதை எழுதும் வேளையில் ஒரு வழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி. சொந்த சைக்கிளைக் கொண்டுசென்றால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வார நாள்களில் ஆள் சேரத் தாமதமானால், இருப்பவர்கள் 12 பேருக்கான தொகையைத் தங்களுக்குள் பகிர்ந்து கொடுத்துப் படகைக் கிளப்பச் சொல்லலாம். எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு 6 வெள்ளி ஆகும். அரை மணி நேரம் காத்திருப்பதைவிட இது மேல், ஏனெனில் கடல் உங்களுக்காகக் காத்திருக்காது.

ஏறும்போது படகு ஆடும். இரண்டு கைகளும் காலியாக இருக்கும்படி பையை முதுகில் மாட்டிக்கொண்டு, குழந்தைகளை முதலில் அனுப்பாமல், ஒரு பெரியவர் முதலில் ஏறி உள்ளே நின்று அவர்களை வாங்கிக்கொள்ள வேண்டும்.

5. சைக்கிளைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறுவது இந்தப் படியில்தான். கடைக்காரர் வரிசையின் முன்னால் இருக்கும் வண்டியை எடுத்துக் கொடுப்பார். நாமும் கூச்சப்பட்டு வாங்கிக்கொள்வோம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி முதல் இறக்கத்தில்தான் பிரேக்கின் லட்சணம் தெரியும். தீவில் கடைகள் கிராமத்தில் மட்டுமே இருப்பதால், நடுவழியில் வண்டி பழுதானால் தள்ளிக்கொண்டு திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று நிமிடம் செலவிட்டுக் கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் சோதிக்க வேண்டும்.

முதலில் டயர். கட்டைவிரலால் இரண்டு டயர்களையும் அழுத்திப் பாருங்கள். லேசாகக்கூட உள்வாங்கினால் காற்றடிக்கச் சொல்லுங்கள். காற்றுக் குறைந்த டயர் சரளைப் பாதையில் அடிவாங்கி ஓட்டையாகும்.

அடுத்து பிரேக். வண்டியில் ஏறாமல், முன்பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளுங்கள். பின்சக்கரம் லேசாக மேலெழ வேண்டும். பிறகு பின்பிரேக்கை மட்டும் பிடித்துத் தள்ளுங்கள். பின்சக்கரம் உருளாமல் தரையில் இழுபட வேண்டும். பிரேக் பிடி கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போனால் அந்த வண்டி வேண்டாம். எந்தக் கையில் எந்த பிரேக் இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், அதை இப்போதே ஓட்டுபவர் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் சட்டென்று பிடிப்பவர்கள்தான் தலைகுப்புற விழுகிறார்கள்.

மூன்றாவது, இருக்கையின் உயரம். இருக்கையில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். முழங்கால் நன்றாக மடங்கியிருந்தால் மேடு ஏறும்போது அரை மணி நேரத்தில் வலி எடுக்கும். பல ஆண்டுகளாக ஓட்டாதவர்களுக்கு மட்டும் இதைவிடச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள். இரு பாதங்களும் தரையைத் தொடும் என்ற தைரியம் அவர்களுக்கு முதல் அரை மணி நேரம் தேவைப்படும்.

நான்காவது, கியர். கடைக்கு முன்னாலேயே ஐம்பது மீட்டர் ஓட்டி, எல்லாக் கியர்களையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். சங்கிலி கழன்றால் வேறு வண்டி கேளுங்கள். மேடு தொடங்கும் முன்பே எளிய கியருக்கு மாற்ற வேண்டும் என்பதைப் புதியவர்களுக்கு இங்கேயே சொல்லிக்கொடுங்கள். பாதி மேட்டில் பெடலை அழுத்திக்கொண்டே மாற்றினால் நல்ல வண்டியிலும் சங்கிலி கழன்றுவிடும்.

பூட்டும் தலைக்கவசமும் கேட்டு வாங்குங்கள். செக் ஜாவாவுக்குள் சைக்கிள் அனுமதி இல்லாததால் வாயிலில் நிறுத்திப் பூட்ட வேண்டும். ஒரே நிறத்தில் பத்து வண்டிகள் நிற்கும் இடத்தில் யாரோ உங்கள் வண்டியைத் தவறுதலாக எடுத்துச் சென்றுவிட்டால் கடைக்காரருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கைப்பிடியில் ஒரு கைக்குட்டையைக் கட்டி, வண்டி எண்ணையும் கடையின் பெயர்ப்பலகையையும் படமெடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை வேறுபடும்.

எந்த வகை வண்டி என்பதைப் பற்றி ஒரு சொல். மலையேற்ற சைக்கிள் மிடுக்காகத் தோன்றினாலும், செக் ஜாவாவுக்கும் கிராமத்துக்கும் மட்டும் போய்வருபவர்களுக்கு கியர் வைத்த சாதாரண வண்டியே போதும். இருவர் ஓட்டும் இரட்டைச் சைக்கிளை மட்டும் எடுக்காதீர்கள். இருவருக்கும் பழக்கமில்லாவிட்டால் மேட்டில் அது நகராது, இறக்கத்தில் நிற்காது.

6. கிராமத்திலிருந்து கிழக்கு நோக்கி

செக் ஜாவாவையே முதலில் முடிக்க வேண்டும். மேற்கில் இருக்கும் குன்றும் கல்லுடைப்புக் குளங்களும் எந்த நேரத்திலும் அப்படியே இருக்கும். கிழக்கில் இருக்கும் கடல் அப்படி இல்லை. வழிகாட்டிப் பலகைகள் தெளிவாக இருப்பதால் வழி தவறுவது அரிது.

நன்றாக ஓட்டுபவர் ஒருவர் முன்னாலும் இன்னொருவர் கடைசியிலும் செல்லட்டும். கடைசியில் வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது என்ற ஒரே விதி போதும். இடப்பக்கமாக, ஒற்றை வரிசையில் செல்லுங்கள். சாலை குறுகலானது, வளைவுகளில் வேன்கள் எதிரே வரும்.

பாதையின் கடைசிப் பகுதியில் தார் முடிந்து, மண்ணும் சரளையும் கலந்த ஏற்ற இறக்கம் வரும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, உடலைச் சற்றுப் பின்னால் சாய்த்து, இரண்டு பிரேக்குகளையும் விட்டு விட்டு, மென்மையாகப் பிடித்து இறங்க வேண்டும். சரளையில் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். நம்பிக்கை இல்லாதவர்கள் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சிராய்த்த முழங்கையோடு மிச்ச நாளைக் கழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆடி மாதத்தை ஒட்டிய டுரியான் பருவத்தில், பழம் விழுந்து கிடக்கும் மரத்தடிகளில் நிற்காதீர்கள். மேலே இன்னும் பழம் இருக்கும்.

7. வழியில் எதிர்ப்படும் விலங்குகள்

காட்டுப்பன்றிகளும் நீள்வால் குரங்குகளும் உபினில் சாதாரணமாகக் கண்ணில் படும். செக் ஜாவா வாயிலில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பன்றிகள் சுற்றிக்கொண்டிருப்பது உண்டு. மனிதர்கள் உணவு வைத்திருப்பார்கள் என்று பழகிவிட்ட இந்த விலங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சலசலப்பே அழைப்பு. கூடையில் தொங்கவிட்ட பையைக் குரங்கு பறித்துக்கொண்டு போவதும், நிறுத்திய வண்டியைப் பன்றி முட்டிச் சாய்ப்பதும் இதனால்தான். உணவை முதுகுப்பைக்குள் வைத்து, வண்டியை நிறுத்தும்போது கூடையைக் காலியாக விட்டுச் செல்லுங்கள்.

உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். குட்டிகளோடு பன்றி வந்தால் படமெடுக்க நெருங்காமல், தாய்க்கும் குட்டிகளுக்கும் நடுவில் போய்விடாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். குரங்கின் கண்ணை உற்றுப் பார்ப்பதும் பல் தெரியச் சிரிப்பதும் அதற்கு மிரட்டலாகப் படும். குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

8. செக் ஜாவாவுக்குள் நடக்கும் வரிசை

பலகைப் பாதை மொத்தம் 1.1 கிலோமீட்டர், கடலோரச் சுற்று, சதுப்புநிலச் சுற்று என இரண்டு பகுதிகள் உண்டு. ஜெஜாவி கோபுரம் சுமார் 20 மீட்டர் உயரம். வருபவர்களில் பலர் கோபுரத்தைக் கண்டதும் முதலில் அதன்மேல் ஏறி, நல்ல நேரத்தை அங்கே கழித்துவிடுகிறார்கள். சரியான வரிசை கடலோரச் சுற்று, பிறகு சதுப்புநிலம், கடைசியாகக் கோபுரம்.

கடலோரச் சுற்று முதலில் வருவதற்குக் காரணம், வற்றத்தின் அடிமட்டம் நீண்ட நேரம் நிற்காது என்பதுதான். பாதையிலிருந்து கீழே பார்த்தால் கரும்பச்சை விரிப்பாகக் கடற்புல் தெரியும். மணல்திட்டுகளுக்கு இடையே தேங்கிய நீரில் நட்சத்திர மீன், கடல் அட்டை, பஞ்சுயிர் ஆகியவற்றைத் தேடலாம். முகம் திருப்பும் திசையில் சூரியன் இருந்தால் நீர்ப்பரப்பு பளபளத்து ஒன்றும் தெரியாது. பாதையின் மறுபக்கத்துக்கு மாறி நில்லுங்கள். வெளிச்சக் கூச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியும் சிறிய தொலைநோக்கியும் இருந்தால் மிகவும் உதவும்.

இங்கே செய்ய வேண்டிய முக்கியமான காரியம் ஒன்றுதான்: ஓரிடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பது. பலகையில் கால் அதிர்ந்ததும், நிழல் விழுந்ததும் நண்டுகள் வளைக்குள் போய்விடும். பேசிக்கொண்டே நடப்பவர்களுக்கு ஓட்டை ஓட்டையான சேறு மட்டுமே தெரியும். சற்றுப் பொறுத்தால் ஒவ்வொரு வளையிலிருந்தும் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் ஆண் நண்டுகள் வெளிவந்து அதை ஆட்டத் தொடங்கும். மூன்றே இடங்களில் இப்படி நின்றாலும், முழுப் பாதையையும் வேகமாக நடந்தவரைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள்.

நீர் வற்றிக் கிடக்கிறதே என்று பாதையிலிருந்து இறங்கிக் கரையில் நடக்கக் கூடாது. பூங்காக் கழகத்தின் ஏற்பாட்டில் வழிகாட்டியோடு செல்பவர்களுக்கு மட்டுமே அது அனுமதிக்கப்படுகிறது. கடற்புல்லில் ஒரு காலடி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத பல உயிர்கள் நசுங்கும் என்பதோடு, ஏறத் தொடங்கிய நீர் பின்னால் சூழ்ந்துகொள்வதும் உண்டு. சிப்பியும் பவளத் துண்டும் எடுத்து வருவதற்கும் இடமில்லை.

நீர் திரும்பத் தொடங்கியதும் சதுப்புநிலச் சுற்றுக்கு மாறுங்கள். நீர் ஏறுவதே இங்கே வேடிக்கை. சேற்றில் தாவித் திரியும் மீன்கள் வேர்களின்மேல் ஏறி அமரும். மரமேறி நண்டுகள் நீர் உயர உயர அடிமரத்தில் மேலே செல்லும். ஆகவே இலைகளைப் பார்க்காமல் மரத்தின் அடியைப் பாருங்கள். நிப்பா பனைகளின் பெரிய காய்க்குலைகளையும் இந்தச் சுற்றில் காணலாம். பாதை ஈரமான இடங்களில் வழுக்கும்.

கோபுரத்துக்கு ஓதத்தோடு தொடர்பில்லை என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மேலே ஏறினால் மர உச்சிகளின் மட்டத்தில் இருவாச்சிப் பறவைகள் பறப்பதைக் காண வாய்ப்புண்டு. இடி கேட்டால் மட்டும் ஏறவே கூடாது.

9. நேரம் மிச்சமிருந்தால் மேற்குப் பக்கம்

கிராமத்துக்குத் திரும்பிச் சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது நிழலில் இருந்தபின் இதை முடிவு செய்யுங்கள். குழுவில் ஒருவர் களைத்திருந்தாலும் இந்தப் பகுதியை விட்டுவிடலாம், குறை ஒன்றுமில்லை.

புவாக்கா குன்று 74 மீட்டர். தீவின் மிக உயர்ந்த இடம் அதுதான். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்து ஏற வேண்டும். அங்கிருந்து பழைய கருங்கல் குழிகளில் நிரம்பிய பச்சை நீரும் எதிர்க்கரையும் தெரியும். அந்த நீரில் இறங்க வேண்டாம்: ஓரங்கள் செங்குத்தானவை, ஆழம் மிகுதி. வேலியைத் தாண்டிப் படமெடுக்கும் ஆசை இளைஞர்களுக்கு வரும். குழுத் தலைவர் முன்கூட்டியே தடுக்க வேண்டும்.

கெட்டாம் மலைச்சைக்கிள் பூங்கா முற்றிலும் வேறு விஷயம். அங்குள்ள தடங்களில் நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் எனக் கடுமைக்கேற்ற குறிகள் இருக்கின்றன. கூடை வைத்த வாடகை வண்டியோடு அவற்றில் நுழைவது விபத்தைத் தேடிப்போவது. ஆசை உள்ளவர்கள் தனியாக இன்னொரு நாள், உரிய வண்டியோடும் கவசங்களோடும் வரட்டும்.

10. மழையும் இடியும்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். கிழக்கை முற்பகலிலேயே முடித்துவிடும் இந்த வரிசைக்கு அது இன்னொரு காரணம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் மழை மேகம் நகரும் படத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

முதல் இடி கேட்டதும் பலகைப் பாதை, கோபுரம், குன்றின் உச்சி, கடற்கரை ஆகிய திறந்த இடங்களைவிட்டு வெளியேற வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கூரையுள்ள கட்டடத்துக்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்தபின் மீண்டும் கிளம்பலாம். மழைக்குப்பின் சரளை இறக்கங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்குங்கள். நனைந்த பிரேக் உடனே பிடிக்காது.

யாருக்காவது பலமாக அடிபட்டால் 995 என்ற எண்ணை அழைத்து, அருகில் உள்ள வழிகாட்டிப் பலகையில் இருக்கும் இடப்பெயரைச் சொல்லுங்கள். ‘காட்டுக்குள் ஒரு மேட்டில்’ என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க இயலாது.

11. திரும்பும் நேரம்

சாங்கிக்குத் திரும்பும் படகுகள் பொதுவாக மாலை ஏழு மணி வரை கிடைக்கும். அதை நம்பி ஆறரைக்குக் கிராமத்தை அடைவது தவறு. வார இறுதியில் நான்கரை மணிக்குமேல் படகுத்துறையில் வரிசை நீளும். அந்திக்குப்பின் 12 பேர் சேராமல் போனால் முழுப் படகுக்கும் பணம் கொடுக்க வேண்டிவரும். ஏழு மணியை ஒட்டி இருட்டிவிடுவதால் விளக்கில்லாத சாலையில் விளக்கில்லாத வண்டியை ஓட்ட வேண்டியிருக்கும். நான்கு மணிக்குச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கும்.

வண்டியைக் கொடுக்கும்போது காலையில் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் அதைப் பார்த்து முடிக்கும் வரை அங்கேயே நில்லுங்கள். கூடையிலும் இருக்கைக்கு அடியிலும் எதையாவது விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். சாவிக்கொத்தும் தண்ணீர் புட்டியும்தான் அதிகம் மறந்துபோகும் பொருள்கள், சாங்கியை அடைந்தபின் நினைவு வந்தால் அவற்றுக்காக மீண்டும் இருவழிப் படகுக் கட்டணம் கொடுக்க வேண்டும். வரிசையில் சேரும் முன் ஆள்களை எண்ணிக்கொள்ளுங்கள்: 12 பேருக்கு மேற்பட்ட குழு இரண்டு படகுகளில் பிரிந்து செல்ல நேரும் என்பதால், குழந்தைகள் எந்தப் பெரியவரோடு ஏறுகிறார்கள் என்பதைத் துறையிலேயே முடிவு செய்து, மறுகரையில் பேருந்து முனையத்தில் காத்திருக்கச் சொல்லிவிட வேண்டும்.